அனுப்பினவன் வீட்டு ஓடு

குற்றாலம் பேரருவிப் பாறையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேல்சாமிக்கு இரண்டு பாதமும் தட்டை. ஈரக்காலை வைத்தானென்றால் வரட்டி தட்டின மாதிரி முழுத்தடமும் விழும். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் பாசி பிடித்த பாறையில் பல்லியாக நிற்பான். அவன் வழுக்கி விழுந்தான் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. அந்தக் காலைத்தான் பட்டாளத்துக்காரன் வேண்டாமென்று தள்ளிவிட்டான்.

சீனாக்காரன் சண்டை முடிந்த மறுவருஷம் பாளையங்கோட்டையில் ஆள் எடுத்தார்கள். வேல்சாமியும் அவன் சித்தப்பா மகன் அய்யாத்துரையும் ஒரே பஸ்ஸில் போனார்கள். இரண்டு பேரும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்தான். வேல்சாமி ஆடியில், அய்யாத்துரை மார்கழியில். அந்த நாலைந்து மாச மூப்புக்கு வேல்சாமி அண்ணன். நெஞ்சு அளந்தார்கள், பல் பார்த்தார்கள், கடைசியில் மணலில் நடக்கச் சொன்னார்கள். வேல்சாமியின் தடத்தைப் பார்த்த ஆபீசர் சிரித்தார். அவ்வளவுதான். போனது இரண்டு பேர், திரும்பின பஸ்ஸில் ஒருத்தன்.

திரும்பி வந்தவனுக்குக் கல்யாணம் நடந்தது. வீரகேரளம்புதூரில் வாக்கப்பட்டிருந்த அத்தையின் மகள் குழல்வாய்மொழி இரண்டு பேருக்குமே முறைப்பெண். முதலில் பேச்சு நடந்தது அய்யாத்துரைக்குத்தான். அத்தை சொல்லிவிட்டாள்: "பட்டாளத்தானுக்குக் குடுத்துட்டு நான் தபால்காரன் முகத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?" அப்படித்தான் அந்தப் பெண் வேல்சாமி வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். வீடு நிறைந்த பெண். ஆனாலும் அவள் தண்ணீர்க் குடத்தோடு நடந்து போகும்போதெல்லாம், அய்யாத்துரை இலையில் வைக்க வேண்டியது கை தவறித் தன் இலையில் விழுந்த மாதிரியே வேல்சாமிக்குத் தோன்றும். அவள் கட்டினவனைப் பெரியத்தான் என்பாள். அய்யாத்துரையைச் சின்னத்தான் என்பாள். முறை அதுதான். அத்தானில் ஒரு பங்கு அங்கே போகிறதே என்று இவனுக்கு உள்ளே முள் குத்தும்.

அறுபத்தஞ்சாம் வருஷம் ஆடிச் சாரலுக்கு அய்யாத்துரை லீவில் வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. அம்மா சங்கரம்மாளுக்குப் பச்சைக் கம்பளி, டீக்கடை மைதீனுக்கு ஒரு பவுண்டன் பேனா, குழல்வாய்மொழிக்கு ஓரத்தில் பூவேலை செய்த காஷ்மீர் சால்வை. குற்றாலத்துச் சாரலுக்குச் சால்வை சுகமாகத்தான் இருக்கும். அவளும் போர்த்திக்கொண்டாள்.

"எந்நேரமும் அதைப் போத்திக்கிட்டு என்னட்டி?"

"குளிருது, போத்துதேன்."

"நான் வாங்கித் தந்த துண்டு எங்க?"

"அது உங்க எண்ணெ துடைச்சு கருவாடா கெடக்கு, பெரியத்தான். அதையா போத்தச் சொல்லுதீங்க?"

வேல்சாமி துண்டை உதறித் தோளில் போட்டான். எழுந்து பாறைக்குப் போய்விட்டான்.

பாறையிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. அய்யாத்துரை பட்டாளத்துப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பாறைக்கு வந்தான். நாலு எட்டு வைப்பதற்குள் வழுக்கி உட்கார்ந்தான். வேல்சாமி அன்றைக்குத்தான் வயிறு குலுங்கச் சிரித்தான். ஆனால் பாருங்கள், குளிக்க வந்த மதுரை ஆட்கள் நாலு பேர் ஓடிவந்து, "மிலிட்டரி அண்ணாச்சி, அடி பட்டுச்சா?" என்று தூக்கிவிட்டார்கள். வருஷம் முழுக்க வழுக்காமல் நிற்கிறவனை ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

எண்ணெய் தேய்க்கிறவர்களுக்குள் ஒரு கட்டு உண்டு. சீசன் தொடங்கி ஒரு ஆள் உடம்பில் எவன் கை முதலில் படுகிறதோ, அந்தச் சீசன் முடிய அந்த உடம்பு அவனுக்கு. அடுத்த பாறைக்காரன் தொடமாட்டான். கலெக்டரே வந்து கேட்டாலும் மாட்டான். அந்த வருஷம் அய்யாத்துரை உடம்பில் முதல் கை வேல்சாமியுடையது. பொறாமை இருக்கிற இடத்தில் இருந்தது, முதுகைப் பிடித்துவிடுகிறபோது கை வஞ்சகம் செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கையில்தான் மைதீன் கடை ரேடியோவில் அந்தச் சேதி வந்தது. காஷ்மீருக்குள்ளே ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், சாதாரண உடுப்பில், கையில் துப்பாக்கியோடு. பாலத்துக்கு வெடி வைக்கிறார்கள், ஊருக்குத் தீ வைக்கிறார்கள். பாகிஸ்தான் சர்க்காரைக் கேட்டால், எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, உள்ளூர்க்காரன் எழும்பியிருக்கிறான் என்கிறார்கள்.

கடையில் இருந்த எல்லாரும் அய்யாத்துரையைப் பார்த்தார்கள். இவன் என்ன சொல்லுவான் என்று. வேல்சாமிக்கு அது பொறுக்கவில்லை. முந்திக்கொண்டான்.

"இதுக்கு யோசனை என்னத்துக்கு? எறங்குனவன அடிச்சு என்ன புண்ணியம்? அனுப்புனவன் வீட்டுலபோயி அடிக்கணும். பால்வண்ணநாதன் லாட்ஜு மறந்து போச்சா எல்லாருக்கும்?"

யாருக்கும் மறக்கவில்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தின கதை அது. குளிக்க வருகிறவர்களைத் தன் லாட்ஜுக்கே கூட்டிவர வேண்டுமென்று பால்வண்ணநாதன் பாறைக்காரர்களிடம் கேட்டார். மாட்டோம் என்றார்கள். மறுவாரத்திலிருந்து குடித்துவிட்டு ரெண்டு மூணு பேர் பாறைக்கு வருவார்கள். எண்ணெய்க் குப்பிகளை உதைத்து உருட்டுவார்கள், படுத்திருக்கிற ஆளைத் தண்ணீரில் தள்ளுவார்கள். போய்க் கேட்டால் பால்வண்ணநாதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "குடிகாரப் பயலுவளுக்கும் எனக்கும் என்னடே சம்பந்தம்?" என்பார். வேல்சாமியும் அய்யாத்துரையும் வந்த குடிகாரனை அடித்தார்கள். அடுத்த வாரம் வேறு குடிகாரன் வந்தான். அவனையும் அடித்தார்கள். மூன்றாவதாக ஒருத்தன் வந்தான். அப்புறம்தான் இரண்டு பேரும் மடி நிறையக் கல்லைக் கட்டிக்கொண்டு லாட்ஜின் பின்புறம் போய், ஓட்டுக் கூரையை நொறுக்கிவிட்டு வந்தார்கள். அதோடு பாறைக்குக் குடிகாரன் வரவில்லை.

ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் உலகம்மை. அறுத்துக்கட்டி மறுதாலி ஏறாத கைம்பெண், லாட்ஜில் தண்ணீர் சுமக்கிறவள். உடைந்த ஓடு அவள் நெற்றியைப் பிளந்தது. புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு இன்னும் பிறை மாதிரி கிடக்கிறது.

அன்றைக்கு மைதீன் கடை வாசலில் அவள் தூக்குவாளியோடு டீ வாங்க நின்றாள். வேல்சாமி அவளைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தான்.

"ஓடு விழுந்த பொறவு குடிகாரன் வந்தானா? வரலைல்லா? அதுதான் கணக்கு."

"வரலதான்," என்றாள் உலகம்மை. எல்லாரும் திரும்பினார்கள். "நீ சொல்லுதது நெசம் தம்பி. நின்னு போச்சு. நான் இல்லைங்கல. ஆனா லாட்ஜு மொதலாளி மண்டையில ஒரு கீறல் உண்டா? அவரு முன்வாசல்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டுல்லா இருந்தாரு."

"அதுக்காக சும்மா இருக்கச் சொல்லுதியா அக்கா? குப்பிய உதைச்சுக்கிட்டே இருப்பான். நாங்க பட்டினி கெடக்கவா?"

"சும்மா இருன்னு யாரு சொன்னா? கல்லெடுக்கதுக்கு முந்தி கூரைக்கு அடியில யாரு இருக்கான்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா. அதுதான் என் கேள்வி. டீயப் போடுங்க பாய்."

"பாய், நீரு என்ன சொல்லுதீரு?" என்று ஒருத்தன் மைதீனை வேண்டுமென்றே கேட்டான். குரலில் ஒரு வளைவு இருந்தது.

மைதீன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "என்னைய எதுக்குக் கேக்கீருன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுதேன். செய்ததையும் செய்துட்டு நான் இல்லைன்னு சொல்லுதான் பாத்தீரா, அவன் தொழுதாலும் சரி, திருநீறு பூசுனாலும் சரி, எனக்கு ஆவாது. சீனி போதுமா?"

அய்யாத்துரை எழுந்தான். உலகம்மையின் தூக்குவாளியை வாங்கி லாட்ஜு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அதையும் ஊர் பெரிதாகப் பேசியது.

ரெண்டொரு நாளில் தந்தி வந்தது. லீவு ரத்து, உடனே வா என்று. சங்கரம்மாள் தந்தியை மடியில் முடிந்துகொண்டு வேல்சாமி வீட்டுக்கு வந்தாள். வேல்சாமிக்கு அவள் சித்தி. தாய் செத்த பிறகு சோறு போட்டு வளர்த்தவளும் அவள்தான்.

"ஏலே, அவன் ஒன் பேச்சத்தான் கேப்பான். காய்ச்சல்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கி அனுப்பிரலாம்னு சொல்லு. ஒரு மாசம் போவட்டும். சண்டைன்னு வந்தா எம்புள்ளையக் கொண்டுபோயி முன்னால நிறுத்திருவானுவலே."

"சொல்லுதேன் சித்தி," என்றான்.

மறுநாள் காலையில் அய்யாத்துரை பாறையில் குப்புறப் படுத்திருந்தான். வேல்சாமியின் கை அவன் தோள்பட்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே."

"சொல்லு."

"அம்மா ஒங்கிட்ட வந்தாளாமே."

"வந்தா."

"நீ என்ன நெனைக்க? எனக்கே ஒரு நெலையில நிக்க மாட்டேங்கு. எறங்குனவனப் பிடிக்கதோட விட்டா ஒண்ணுமில்ல. அனுப்புனவன் ஊருக்குள்ளயே போவணும்னு பேப்பர்ல எழுதுதான். போனா பெரிய சண்டை. திரும்பி வருவேன்னு சத்தியம் பண்ண முடியாது. அது கெடக்கட்டும். அன்னைக்கு ஒலகம்மை அக்கா ரத்தத்தோட ஓடி வந்தாளே, அது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கி. நீ போங்கியா, வேண்டாங்கியா? நீ சொல்லு, நான் கேக்கேன்."

வேல்சாமி தலையை நிமிர்த்தினான். அருவிச் சத்தத்துக்கு அப்பால், கரையில், சால்வையைப் போர்த்திக்கொண்டு குழல்வாய்மொழி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்துகொண்டிருந்தாள். சாரலில் அந்தப் பூவேலை பளிச்சென்று தெரிந்தது.

"போ," என்றான் வேல்சாமி. "குடிகாரன அடிச்சா குடிகாரன் வருவான். அனுப்புனவன் கூரையில கல்லு விழுந்தாத்தான் நிக்கும். நீ போகாம காய்ச்சல்னு படுத்தா, வேற எவன் போவான்?"

அய்யாத்துரை கன்னத்தைப் பாறையில் வைத்துக்கொண்டான். "சரிதான் அண்ணே," என்றான் பிறகு.

சொன்னது சரியான சொல்தான். அது சரியென்று வேல்சாமிக்கும் தெரியும். சால்வை கண்ணில் படாமல் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்போமா என்றுதான் தெரியவில்லை.

தென்காசி ஸ்டேஷனில் அய்யாத்துரைக்கு மாலை போட்டார்கள். சுரண்டையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அலைமோதுகிற கூட்டத்தில் வேல்சாமியின் வேட்டியை எவனோ மிதித்துக் கிழித்தான். ரயில் நகரும்போது குழல்வாய்மொழி சால்வை முனையால் கண்ணைத் துடைத்தாள். வேல்சாமி அதையும் பார்த்தான்.

ஸ்டேஷன் வாசலிலேயே சங்கரம்மாள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்: "பயணம் போனவன் போன அன்னைக்கு வீட்டுல பங்காளி யாரும் எண்ணெ தொடாதீங்க, தலைக்கு ஊத்தாதீங்க. ஏலே வேலு, ஒனக்குத்தான் சொல்லுதேன். பாறை வேலைய இன்னைக்கு ஒருநாள் விட்டுரு. நான் அவன் வாறவரைக்கும் தலைக்கு எண்ணெ வைக்கப் போறதில்ல."

இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பயணம் போனவன் போய்ச் சேருவதற்குள் வீட்டில் எண்ணெய்க் குளியல் கூடாது. இழவு வீட்டுக் குளியல் மாதிரி ஆகிவிடும். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வேல்சாமி ஸ்டேஷனிலிருந்து நேரே குற்றாலம் பஸ் ஏறினான். பாறைக்குப் போனான். குப்பியைத் திறந்தான். அடுத்தவன் உடம்புக்கே தேய்த்துப் பழகினவன், வருஷத்தில் தீபாவளிக்குத் தவிரத் தன் தலையில் எண்ணெய் வைக்கிறவன் இல்லை. அன்றைக்கு ஒரு குப்பி நல்லெண்ணெயையும் தன் உச்சந்தலையில் கவிழ்த்தான். முகத்திலும் மார்பிலும் வழிய வழியத் தேய்த்தான். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தான். பிறகு அருவிக்குள் நுழைந்து, மூச்சு முட்டுகிற வரைக்கும் நின்றான். வெளியே வந்தபோது கரையில் குடத்தோடு உலகம்மை நின்றாள். உருண்டு கிடந்த காலிக் குப்பியைப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தண்ணீரில் முக்கினாள். 

ஆவணி பாதி தாண்டினபோது ரேடியோ சொன்னது, நம்ம பட்டாளம் எல்லையைத் தாண்டி லாகூர்ப் பக்கம் போய்விட்டது என்று. மைதீன் கடையில் மிட்டாய் கொடுத்தார்கள். ஒருத்தன் வேல்சாமியின் முதுகில் தட்டி, "நீரு சொன்னாப்புல அனுப்புனவன் வீட்டுலயே கல்லு விழுந்துட்டு அண்ணாச்சி," என்றான். வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. வேல்சாமி மிட்டாயை வேட்டி மடியில் முடிந்துகொண்டான்.

அய்யாத்துரையிடமிருந்து தகவல் இல்லை. சங்கரம்மாளின் தலை தேங்காய்நார் மாதிரி ஆகிவிட்டது. கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் வேல்சாமியை நிறுத்திக் கேட்பாள்: "ஏலே, அன்னைக்கு நீ எண்ணெ தொடலைல்லா?"

"தொடல சித்தி."

ஒரு தடவை சொன்னால் போதுமா? பார்க்கிறபோதெல்லாம் கேட்பாள், பார்க்கிறபோதெல்லாம் சொன்னான். குழல்வாய்மொழி சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். வேல்சாமிக்கு அதிலும் சந்தோஷம் வரவில்லை. போர்த்தியிருந்தபோது அய்யாத்துரை நினைப்பு அவள் தோளில் இருந்தது, இப்போது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணினான்.

சண்டை நின்றது. புரட்டாசியில் தந்தி வந்தது. அய்யாத்துரை உயிரோடு இருக்கிறான், பஞ்சாபில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கண்ணிவெடியில் இடது கால் போய்விட்டது. முட்டுக்குக் கீழே இல்லை.

தை பிறந்த பிறகு அவன் கட்டைக்காலோடு வந்து இறங்கினான். ஸ்டேஷனில் போன தடவையைவிட இரண்டு பங்கு கூட்டம். பூவும் மேளமும். இல்லாத காலைப் பார்த்து ஆம்பிளைகளே அழுதார்கள். கூட்டத்தின் ஓரத்தில் தன் தட்டைப்பாதத்தை ஊன்றி நின்ற வேல்சாமிக்கு, அந்த இல்லாத காலின் மேலேயும் பொறாமை வந்தது. இப்படியும் ஒரு மனுஷ மனசா என்று கேட்டால், ஆமாம், இப்படியும் ஒன்று.

வீட்டில் சங்கரம்மாள் மணையில் உட்கார்ந்தாள். மகன் வந்துவிட்டான், நேர்ந்துகொண்டபடி தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும். கிண்ணத்தில் நல்லெண்ணெய் காய்ச்சி ஆறியிருந்தது. "வேலு வைக்கட்டும்," என்றாள். "பொழப்பையும் விட்டுட்டு எம்புள்ளைக்காவ அன்னைக்கு எண்ணெ தொடாம இருந்த கை. அந்தக் கைதான் மொதல்ல படணும்."

வேல்சாமி கிண்ணத்தை எடுத்தான். விரல் எண்ணெயில் நனைந்தது.

"அவன் கை வேண்டாம் மதினி," என்றாள் வாசலில் நின்ற உலகம்மை.

"ஏன்?"

"அன்னைக்குப் பாறையில நின்னு ஒரு குப்பி எண்ணெயயும் தன் தலையில ஊத்துனான். நான் கண்ணால பாத்தேன். போனவன் வரட்டும்னு இம்புட்டு நாளும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

சங்கரம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "ஏலே?"

"ஆமா சித்தி," என்றான் வேல்சாமி.

சங்கரம்மாள் கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள். உலகம்மையிடம் கொடுத்தாள். உலகம்மை எண்ணெய் வைத்தாள். வேல்சாமி நனைந்த விரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றான். குழல்வாய்மொழிதான் தன் சேலைத் தலைப்பைப் பிடித்துத் துடைத்துவிட்டாள். அதை அவன் அந்த நேரம் கவனிக்கவே இல்லை.

கட்டிலில் கிடந்த அய்யாத்துரை உலகம்மையைக் கூப்பிட்டான். "அக்கா, அங்கன ஒரு ஊருக்குள்ள போனோம். வீட்டுக்கூரையெல்லாம் விழுந்து கெடந்துச்சு. ஒரு கெழவி நெத்தியப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. ஒன்னைய மாதிரியே."

"சத்தம் குடுத்துட்டுப் போனீங்களாய்யா?"

"பீரங்கிக்கு ஏது அக்கா சத்தம் குடுக்க நேரம்? அதுவே சத்தம்."

"எறங்குன ஆளுவ? நின்னுச்சா?"

"இப்போதைக்கு நின்னுருக்கு."

"அப்ப அண்ணன் சொன்னது சரின்னு சொல்லு."

"சரிதான்," என்றான் அய்யாத்துரை, வேல்சாமியைப் பார்த்துக்கொண்டே. "அவன் எதுக்குச் சொன்னான்னும் எனக்குத் தெரியும். ரெண்டும் தெரிஞ்சுதான் போனேன்."

அடுத்த சாரலுக்குச் சங்கரம்மாள் மகனை மாட்டுவண்டியில் பாறைக்குக் கூட்டிவந்தாள். வெட்டின காலுக்கு எண்ணெய் இட்டு அருவித் தண்ணீரில் காட்டினால் மரத்துப்போனது போகும் என்றார்கள். வேல்சாமி குப்பியைத் துடைத்து, துண்டை விரித்து, தயாராக நின்றான். வண்டி அவன் பாறையைத் தாண்டி அடுத்த பாறைக்குப் பக்கத்தில் நின்றது. நல்லதம்பி அங்கே தேய்க்கிறவன். போன வருஷம்தான் தொழிலுக்கு வந்தவன், கையில் இன்னும் பக்குவம் ஏறவில்லை. முதல் கை அவனுடையதாகிவிட்டது. இனி சீசன் முடிய வேல்சாமி தொட முடியாது. சித்தி அந்தக் கட்டு தெரிந்துதான் செய்தாள். மறுவருஷமும் அப்படியே செய்தாள்.

பட்டாளத்துச் சட்டைக்கும், மாலைக்கும், சால்வைக்கும் பட்ட பொறாமையெல்லாம் ஒரு பக்கம். நல்லதம்பியின் அந்த இரண்டு கையின் மேல் பட்டது அதையெல்லாம் தின்றுவிட்டது. தன் ஆள் ஒருத்தனைத் தேய்த்துக்கொண்டே கண்ணை அங்கேயே வைத்திருப்பான். படுத்திருக்கிறவர், "இங்கனயும் கொஞ்சம் கவனியும் வே," என்று முனகுவார்.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. நல்லதம்பி கட்டைவிரலால் வெட்டுவாயிலேயே போட்டு அமுக்கினான். அய்யாத்துரையின் முகம் சுருங்கியது.

"ஏலே, அங்கன அமுக்காத," என்று வேல்சாமி தன் பாறையிலிருந்து கத்தினான். "முட்டுக்கு மேலயிருந்து எறக்கு. மேலயிருந்து. அடிச்சு எறக்குலே."

அய்யாத்துரை முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். சாரல் முகத்தில் அடித்தது.

"அண்ணே," என்றான், "இப்பவும் அங்கன நின்னுக்கிட்டுத்தான் அடி அடிங்கியா?"

பாறையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். வேல்சாமி சிரிக்கவில்லை. குனிந்து, கைக்குக் கீழே கிடந்த யாரோ ஒருத்தருடைய முதுகைத் தேய்க்கத் தொடங்கினான்.